ஈவ்லின் அக்கா சொன்ன ஜெபக் குறிப்பு

எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் எத்தனையோ பேர் குடியிருந்து போயிருக்கிறார்கள். வீட்டுக்காரியான என்னையே அதட்டி வேலை வாங்கியவர் ஒருவர்தான். பெயர் ஈவ்லின். வயது எழுபத்தெட்டு. சேலையூரில் அவரைத் தெரியாதவர்கள் இன்னும் சிலர் இருக்கலாம், அவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் சந்திரிகா. எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கிறது என்று என் வீட்டுக்காரர் ராஜகோபால் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அது பொய்யில்லை. அந்தக் கோபத்துக்கும் ஒரு நல்ல வேலை கிடைத்தது, அதையும் சொல்கிறேன்.

ஈவ்லின் அக்கா டெலிபோன் இலாகாவில் டிரங்க் ஆபரேட்டராக இருந்தவர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்ன உத்தியோகம் என்றே தெரியாது. அப்போதெல்லாம் வெளியூருக்குப் பேசவேண்டுமானால் எக்ஸ்சேஞ்சில் நம்பரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அங்கே ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் லைன் பிடித்துக் கொடுப்பாள். நேர் லைன் கிடைக்காவிட்டால் அக்கா சும்மா விடமாட்டாராம். திருநெல்வேலி கிடைக்கவில்லையா, மதுரையைப் பிடித்து, மதுரைக்காரியிடம் தாஜா பண்ணி, அங்கிருந்து போடச் சொல்வாராம். "ஊர் எங்கியும் போயிடாது சந்திரிகா, வழியைத்தான் மாத்தணும்" என்பார். அவர் பேச்செல்லாம் இப்படித்தான், இலாகா வாசனையோடு இருக்கும்.

அக்காவின் புருஷன் சுவிசேஷமுத்து அண்ணன் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் இருந்தார். அடக்கமான மனிதர். அக்காவோடு குடும்பம் நடத்த வேறு மாதிரி ஆள் லாயக்கில்லை. தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தை வைத்து அக்காவுக்கும் எனக்கும் நடந்த சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். சண்டை போட்ட அன்று சாயங்காலமே கிண்ணத்தில் ஏதாவது கொண்டுவந்து நீட்டுவார். நான் வாங்க மாட்டேன் என்பேன், பிறகு வாங்கிக்கொள்வேன். எந்நேரமும் மடிப்புக் கலையாத புடவை. வலை போட்ட கொண்டை, ஒரு முடி வெளியே நீட்டாது. அந்தக் கொண்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு அக்கா தனியாகத்தான் இருந்தார். ஒரே மகன் எபி ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். ஒரு நாள் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. எபி லீவு போட்டு வந்து ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தான், கூடவே இருந்து பார்த்துக்கொண்டான். லீவு முடிந்ததும், படப்பைப் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிட்டுப் போனான். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் அதன் பெயரை எழுதக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், ஆகவே எழுதவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வருகிறது.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. நானே போய்ப் பார்த்தேன். பளபளவென்று தரை, வாசலில் செம்பருத்தி, பிசியோதெரபிக்கு ஒரு பெண். பிறகு பழைய மேனேஜர் போய்ப் புது ஆள் வந்தாள். அதே சமயம் எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி, நான் வீட்டோடு முடங்கினேன். வீடியோ காலில்தான் பேச்சு. முன்பெல்லாம் போனை அக்காவே பிடித்துக்கொண்டு பேசுவார். புது மேனேஜர் வந்த பிறகு வேறு யாரோ ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றாள். "நல்லா இருக்கேன்" என்று சொல்லுமுன் அக்காவின் கண் போனைத் தாண்டி அவளைப் பார்த்துவிட்டு வந்தது. பட்டப்பகலில் நாக்குக் குழறியது. என்னோடு சண்டை போடவே இல்லை. எனக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

ஒரு நாள் பார்த்தால் கொண்டை இல்லை. ஆம்பிளைப் பிள்ளைக்கு வெட்டுவது போல் ஒட்ட வெட்டியிருந்தார்கள். பேன் என்றாள் போனைப் பிடித்திருந்தவள். எபியைக் கூப்பிட்டுக் கேட்டால், "மெயின்டெயின் பண்ண ஈசின்னு சொன்னாங்க ஆன்ட்டி" என்றான். அதற்குப் பிறகு அந்த வீடியோ காலும் நின்றது. எப்போது கூப்பிட்டாலும், "ஆன்ட்டி தூங்கறாங்க" என்ற ஒரே பதில்.

இந்த இடத்தில் ஜோசலினைச் சொல்ல வேண்டும். எங்கள் எதிர் வீட்டுக்காரி, அக்கா போகும் சபையில் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். அந்தச் சங்கத்தார் வேன் பிடித்து மாதம் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போவார்கள். முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிட்டுத்தான் போவார்கள், அது மரியாதையாம். பாட்டுப் பாடி, கொஞ்சம் பிரசங்கம் செய்து, கடைசியில் ஒவ்வொருவரிடமும் ஜெபக் குறிப்பு கேட்பார்கள். நாம் கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் நட்சத்திரம் சொல்வதில்லையா, அந்த மாதிரி, இன்னின்ன கஷ்டம் தீர ஜெபியுங்கள் என்று அவர்கள் சொல்ல வேண்டும். சங்கத்தார் அதை வாங்கி வந்து எல்லாருக்கும் சொல்லி, அவரவர் வீட்டிலும் ஜெபிப்பார்கள்.

ஒரு காலையில் ஜோசலின் தயிர் உறை வாங்க வந்தாள். வந்த இடத்தில் சாதாரணமாகச் சொன்னாள்.

"அக்கா, நேத்து ஈவ்லின் ஆன்ட்டியைப் பார்த்துட்டு வந்தோம். அவங்களுக்காக வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வெச்சிருக்கோம்."

"ஏன், உடம்பு மோசமாயிடுச்சா?"

"இல்லக்கா. சாயங்காலமானா கையைக் கட்டில்ல கட்டிப் போட்டுடறாங்களாம். மத்தியானத்துக்கு மேல தண்ணியும் தர்றதில்லையாம், டயப்பர் மாத்தணுமேன்னு. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் இதேதானாம். அது நிக்கணும்னு ஜெபக் குறிப்பு சொன்னாங்க. தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் சொல்லுன்னு ரெண்டு மூணு தடவை சொன்னாங்க."

என் கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். "நீங்க இன்னா பண்ணீங்க?"

"ஜெபம் பண்ணோம்."

"அப்புறம்?"

"அப்புறம்... டீ குடுத்தாங்க. சமோசா குடுத்தாங்க. கிளம்பி வந்துட்டோம்."

"கட்டறவ அங்கதானே நின்னுகினு இருந்தா? அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"மேனேஜர் சொன்னாங்கக்கா, ஆன்ட்டிக்கு மறதி, வயசானவங்க இப்படித்தான் எதையாவது சொல்லுவாங்கன்னு. பொறுமையைத் தரணும்னும் சேர்த்து ஜெபிச்சோம்."

"யாருக்குப் பொறுமை? கட்டினவளுக்கா, கட்டுப்பட்டவளுக்கா?"

ஜோசலின் முகம் செத்துப்போய்விட்டது. அவள் கெட்டவள் இல்லை. தெருவில் யாருக்குப் பிரசவம் என்றாலும் முதலில் ஓடுகிறவள் அவள்தான். ஆனால் குறை சொன்னால் அது குறிப்பு, குறிப்பு என்றால் ஜெபம், ஜெபம் முடிந்தால் வேலை முடிந்தது என்று பழகிப்போயிருந்தார்கள். அந்த வேனில் போன ஒருத்திக்காவது அக்காவின் கையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

எபிக்குப் போன் போட்டேன். "ஆன்ட்டி, அது விழாம இருக்கிறதுக்குத்தான். ஒரு ஃபார்ம் அனுப்பினாங்க, நான்தான் சைன் பண்ணேன்" என்றான். "கையெழுத்து உன்னுது, கட்டுப்படறது அவங்க கையி. அவங்களைக் கேட்டியாடா?" என்றேன். அவன் அழுவது கேட்டது. அழுதுகொண்டிருக்கட்டும் என்று வைத்துவிட்டேன்.

"நாம வெளி மனுஷங்க, நமக்கு எதுக்கு வம்பு" என்றார் என் வீட்டுக்காரர். அவரை ஒரு பார்வை பார்த்தேன், கார் சாவியை எடுத்துக்கொண்டு அவரே வந்தார். அதற்குமுன் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் பேசினேன். உறவுக்காரர்தான் புகார் செய்ய வேண்டும் என்றில்லை, யாரும் சொல்லலாம் என்றார்கள். தாம்பரம் கோர்ட்டில் இலவச சட்ட உதவி உண்டு, போய்ப் பாருங்கள் என்று வழியும் சொன்னார்கள். அங்கே எங்களிடம் பேசிய வக்கீல் திரிபுரசுந்தரி. என் மருமகள் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க அவங்களுக்கு என்ன உறவும்மா?" என்றாள்.

"ஹவுஸ் ஓனர்."

பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். "குடியிருக்கிறவங்களை வெளிய அனுப்பச் சொல்லித்தான் ஹவுஸ் ஓனர் வருவாங்க. வெளிய கொண்டுவரச் சொல்லி இப்பத்தான் பார்க்கிறேன்."

பிறகு விஷயத்துக்கு வந்தாள். புத்தி தெளிவாக இருக்கிற ஒருவரை அவர் விருப்பமில்லாமல் அடைத்து வைக்கவும் கட்டி வைக்கவும் யாருக்கும் உரிமை கிடையாது. பிள்ளையின் கையெழுத்து அம்மாவின் சம்மதம் ஆகாது. மறதி என்று மேனேஜர் சொன்னால் போதாது, பரிசோதித்த டாக்டர் சொல்ல வேண்டும். தூக்க மருந்து கொடுத்தார்களா, யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்க வேண்டும். இல்லத்துக்குப் பதிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

"இப்பவே போலாம் வாங்க" என்று எழுந்தேன்.

"உட்காருங்கம்மா. நீங்க கேட்ல நின்னு கத்திட்டு வந்துடுவீங்க. கேட்டைச் சாத்தின பிறகு உள்ள இருக்கிறவங்கதான் அதை அனுபவிப்பாங்க. சொல்லாம போகணும், அதிகாரத்தோட போகணும். அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

என் வாழ்க்கையில் கோபத்தை முழுசாக விழுங்கியது அப்போதுதான். வக்கீல் சமூகநல அலுவலகத்துக்கும் போலீசுக்கும் மனு எழுதினாள், நான் கையெழுத்துப் போட்டேன். காத்திருந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர்ச் சொம்பை எடுக்கும்போதெல்லாம் அக்கா ஞாபகம்தான்.

ஒரு நாள் சமூகநல அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு இல்லத்துக்குப் போனோம். சமூகநல அதிகாரி அம்மா, ஒரு பெண் எஸ்.ஐ., ஒரு டாக்டர், எங்கள் வக்கீல், கடைசியில் கைத்தடியோடு நான். முன்கூட்டிப் போன் செய்யாமல் போனதால் அங்கே பாட்டும் இல்லை, சமோசாவும் இல்லை. மூத்திர நாற்றம்தான் இருந்தது.

அந்த அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் அக்கா. பழைய துப்பட்டாவைக் கிழித்து இரண்டு மணிக்கட்டையும் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். வெட்டிய தலை, யாருடைய நைட்டியோ ஒன்று, வெடித்த உதடு. அடுத்த கட்டிலில் தாயாரம்மாள். பக்கவாதத்தில் பேச்சு போனவர், ஒரு கைதான் விளங்கும். விளங்கிய அந்தக் கையைத்தான் கட்டியிருந்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்தார். ஆச்சரியப்படவே இல்லை. "வந்துட்டியா" என்றார், காய்கறி வாங்கப் போய்த் திரும்பியவளைக் கேட்பது போல.

எஸ்.ஐ. கட்டை அவிழ்த்தாள். டாக்டர் தண்ணீர் டம்ளரை நீட்டியதும் அக்கா தலையை ஆட்டி மறுத்தார். "அவங்களுக்கு முதல்ல." தாயாரம்மாள் குடித்து முடித்த பிறகுதான் வாங்கிக்கொண்டார். மேனேஜர் ஓடிவந்து, "ஆன்ட்டிக்கு ஞாபகமே இல்ல மேடம்" என்று ஆரம்பித்தாள். வக்கீல் அவளை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

"இது என்ன ஊர்னு தெரியுமாம்மா?" என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

"படப்பைக்குப் பக்கம். உங்களுக்கு எந்த ஊர் எஸ்.டி.டி. கோட் வேணும், கேளுங்க, சொல்றேன்" என்றார் அக்கா.

குரல் பிசிறில்லாமல் வந்தது, எக்ஸ்சேஞ்சில் பேசிய அதே குரலாகத்தான் இருந்திருக்கும். எப்போது கட்டுவார்கள், யார் கட்டுவார்கள், எந்த நேரத்துக்கு மேல் தண்ணீர் கிடையாது, எந்த மாத்திரை போட்டால் மறுநாள் வரைக்கும் தலை தூக்க முடியாது, எல்லாம் சொன்னார். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்துத் துப்பப் பழகிய பிறகுதான் புத்தி திரும்பியது என்றார். "நான் பொய் சொல்றேன்னா கட்டில் கம்பியைப் பாருங்க. துணி உராஞ்சு உராஞ்சு பெயின்ட் போயிருக்கு. ஒரு நாள் கட்டினா அப்படிப் போகாது" என்றார். அதிகாரி குனிந்து பார்த்துவிட்டுப் போட்டோ எடுத்தார். டாக்டர் மணிக்கட்டைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

அக்காவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து வெளியே தள்ளினோம். கதவு நிலையில் பாதி போனபோது அக்கா கையை நீட்டிச் சக்கரத்தின் பிரேக்கை இழுத்துவிட்டார். வண்டி நின்றது.

"தாயாரம்மா?"

"அவங்க சொந்தக்காரங்களுக்குச் சொல்லி, நாளைக்கு ஏற்பாடு பண்றோம்மா. மனுவுல உங்க பேர்தான் இருக்கு" என்றார் அதிகாரி.

"அவங்களால பேச முடியாது. அவங்களுக்கு நடந்ததைப் பார்த்தது நான் ஒருத்திதான். நான் போயிட்டா நாளைக்கு வரைக்கும் அவங்களுக்கு யாரு? என் பேருக்குப் பக்கத்துல அவங்க பேரையும் எழுதுங்க. எழுதற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."

நிலையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே இருப்பவர்கள் வெளியே வர முடியாது, வெளியே இருப்பவர்கள் உள்ளே போக முடியாது. பல மாதம் போதிய தண்ணீரில்லாமல் காய்ந்த உடம்பு, வெளிக்காற்று இரண்டடி தூரத்தில். அதிகாரி அவரையே பார்த்தார். பிறகு போனை எடுத்து ஆம்புலன்சுக்குச் சொன்னார். தாயாரம்மாளை அரசு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய பிறகுதான் பிரேக்கை விட்டார் எங்கள் அக்கா. நான் அங்கே நின்று வாய்விட்டு அழுதேன். இந்தப் பெண்மணியா என் வீட்டுக் குடித்தனக்காரி என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காரில் வரும்போது கேட்டேன். "ஏங்க்கா, போயும் போயும் அந்த ஜோசலின்கிட்டயா சொன்னீங்க? அவ ஜெபம் பண்ணிட்டு சமோசா துன்னுட்டு வந்துட்டா."

அக்கா சிரித்தார். "எங்க ஆளுங்களை எனக்குத் தெரியாதா? போனைப் பிடுங்கிட்டாங்க. கேட்ல பூட்டு. வர்றவங்ககிட்ட வாயைத் திறந்தா மேனேஜர் குறுக்க வந்துடுவா. ஆனா ஜெபக் குறிப்பு சொல்லும்போது யாரும் குறுக்க பேச மாட்டாங்க. அதை எங்க சங்கத்துல ஒருத்தியும் வயித்துல வெச்சுக்கவும் மாட்டா. ஜோசலின் உன் எதிர் வீடு. டைரக்ட் லைன் கிடைக்கல, சுத்து வழியில போட்டேன்."

"அப்ப நான் இன்னா, மதுரையா?"

"நீ கடைசி ஊரு. மணி அடிச்சா எடுக்கிற ஊரு."

கீழ்ப் போர்ஷன் காலியாகத்தான் இருந்தது. நல்ல குடித்தனம் அமையவில்லை என்று வீட்டுக்காரரிடம் சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அக்காவைக் கூட்டிவந்து இறக்கினோம். பகலில் பார்த்துக்கொள்ள ஏஞ்சல் என்று ஒரு பெண்ணை வைத்தோம். எபி ஓடிவந்து காலில் விழுந்தான். அக்கா அவன் தலையைத் தடவி, "இனிமே என்னைக் கேட்காம என் விஷயத்துல கையெழுத்துப் போடாதே" என்றார். அவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்த திட்டு. என்னிடம் வாங்கியது தனி.

மனுவில் அக்காவும் கையெழுத்துப் போட்டார், விசாரணை முடியும் வரை மேனேஜரை விலக்கி வைத்தார்கள். பிறகு சமாதானப் பேச்சு வந்தது. இல்லத்தின் முதலாளிக்கு வேண்டியவர், சபையில் பெரியவர், சத்தியநாதன் என்று ஒருவர். பழம் வாங்கிக்கொண்டு வந்தார். நீங்கள்தான் வெளியே வந்துவிட்டீர்களே, மன்னித்து மனுவை வாபஸ் வாங்கிவிடலாமே என்றார். அக்கா வாபஸ் வாங்கினால் தாயாரம்மாளுக்காகப் பேச ஆளில்லை, மேனேஜர் மறுபடி நாற்காலியில் உட்காருவாள், இன்னும் உள்ளே இருப்பவர்கள் கதி என்ன ஆகும் என்று எனக்குப் பதறியது. வாயைத் திறக்கப் போனேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"மன்னிச்சுட்டேன் பிரதர். வேணும்னா எழுதிக் குடுக்கிறேன். மனு அப்படியே இருக்கும். ரெண்டும் வேற வேற இலாகா."

பழத்தை ஏஞ்சலிடம் கொடுத்து ஜூஸ் போடச் சொல்லி அவருக்கே குடிக்கக் கொடுத்தார். மனிதர் குடித்துவிட்டுப் போனார்.

விசாரணைக்குத் தேதி வந்தது. தாம்பரம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் அக்கா சாட்சி சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, சங்கக் கூட்டத்தை எங்கள் கீழ்ப் போர்ஷனிலேயே வைத்தார்கள். நான் திருநீர்மலைப் பெருமாளைக் கும்பிடுகிறவள். கதவோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ஜோசலின் தயங்கித் தயங்கி, "ஆன்ட்டி, உங்க ஜெபக் குறிப்பு?" என்றாள்.

"திங்கட்கிழமை தாயாரம்மாளுக்கும் எனக்கும் சாட்சி சொல்லப் போறேன். குரல் நடுங்காம இருக்கணும்" என்றார் அக்கா.

எல்லாரும் கண்ணை மூடினார்கள். ஆமென் சொன்னார்கள். வழக்கமாக அதற்குப் பிறகு டீதான். ஏஞ்சல் தட்டோடு வந்துவிட்டாள். ஜோசலின் தட்டைத் தொடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திங்கட்கிழமை எத்தனை மணிக்கு ஆன்ட்டி? வேனுக்கு நான் சொல்லிடறேன்" என்றாள்.

திங்கட்கிழமை அந்த அலுவலகத்தின் தாழ்வாரம் கொள்ளவில்லை. சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் வெள்ளைப் புடவையில் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தாயாரம்மாளையும் நாற்காலியில் கொண்டுவந்திருந்தார்கள். அக்கா வாக்கரைப் பிடித்து, ஒவ்வொரு அடியாக வைத்து, தன் காலாலேயே நடந்து வந்தார். முளைத்து வந்த முடியைச் சேர்த்து, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொண்டை. அதன் மேல் வலை.

வாசலில் இருந்த உதவியாளர் கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோனார். "ஏம்மா, சாட்சி நீங்க ஒருத்தர்தானே? இவங்கள்லாம் யாரு?"

அக்கா திரும்பி, ஜோசலின் முதல் நான் வரைக்கும் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார்.

"எனக்காக ஜெபம் பண்றவங்க" என்றார்.